மண்வெட்டிக்காரியும் எங்கள் வீட்டுப் பாடும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் குப்பத்தின் படகுத்துறையில், பழுதுபார்ப்பதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் படகின் நிழலில் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

2. ஊர்த் தலைவரும் கோயில் பூசாரியும் வந்து, விளையாடும் கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

3. அது அம்மன் கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டப்பட்டது.

4. என் அப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று என் சார்பாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்.

5. கேட்கக் கூடாது என்று நான் அவரிடம் சொன்னேன்.

6. கேட்காவிட்டால் இந்த முறை எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது என்றார்கள்.

7. பாடு குலுக்கும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இதில் ஆறாவதுதான் எடை உள்ளது. பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு அதை மட்டும் விளக்கிவிடுகிறேன். பழவேற்காடு ஏரி பெரியது. ஆனால் இறால் கூட்டமாக ஓடும் இடங்கள் கொஞ்சம். முகத்துவாரத்தை ஒட்டி, தண்ணீர் வடியும் நேரத்தில், கழி நட்டு வலை கட்டினால் நிறையக் கிடைக்கும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே கட்ட முடியாது. அதனால் யார் எந்த நாள் கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. அது இல்லாதவர் ஏரியின் மற்ற இடங்களில் வலை வீசிக்கொள்ளலாம். கிடைப்பது குழம்புக்குக் காணும், அவ்வளவுதான்.

முறையைத் தீர்மானிப்பது குலுக்கல். சீட்டில் பேர் எழுதும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் தன் வீட்டுப் பொருள் ஒன்றைக் கோயில் பானையில் போட வேண்டும். ஒரு வீட்டுக்குப் பித்தளைப் பொத்தான், ஒரு வீட்டுக்குத் துருப்பிடித்த சாவி, ஒரு வீட்டுக்கு உடைந்த மோதிரம். எங்கள் வீட்டுக்கு ஓர் ஈயக்குண்டு. வலையின் அடிக்கயிற்றில் கோப்பது. ஒரு பக்கம் சுத்தியலால் தட்டையாக்கப்பட்டது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்த வரிசையே முறை. பொருளைப் பார்த்ததும் அது எந்த வீடு என்று ஊருக்கே தெரியும். யாரும் பொருளை மாற்றுவதில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு வருகிற பொருள் அது.

அதனால் எங்கள் ஊரில் ஒருவரை விலக்கி வைப்பது மிகச் சுலபம். ஆளைத் தடுக்க வேண்டியதில்லை. பொருளை வாங்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டால் போதும்.

இனி விளையாட்டைப் பற்றி.

நான் கருவியியலில் டிப்ளமோ படித்தவள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், குழாய்களில் மாட்டியிருக்கும் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்ப்பது என் வேலை. காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி, கல்யாணமாகிப் போகும்போது, கையில் வைத்து விளையாடும் கேம் கருவி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரே ஒரு விளையாட்டு இருந்தது.

ஓயாமல் மணியடிக்கும் ஒரு நகரம். கரிய தேவாலயங்கள், இடிந்த மாடங்கள், முடிவில்லாத கல்லறைத் தோட்டங்கள். அங்கே எப்போதும் அந்திப்பொழுதுதான். நாம் விளையாடுவது புதைகுழி வெட்டுகிறவரின் மகளாக. கையில் ஆயுதம் மண்வெட்டி. அந்த நகரத்தில் அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் புதைத்த பெரிய மனிதர்கள் எல்லாரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். பிரபு, பாதிரியார், நீதிபதி, படைத்தளபதி. ஒவ்வொருவரையும் வீழ்த்தி, மறுபடி புதைக்க வேண்டும். அதுதான் மொத்தக் கதையும். வழியில் வீழ்த்தும் ஒவ்வொன்றும் கொஞ்சம் சாம்பல் விட்டுப் போகும். சாம்பல் சேர்ந்தால் அவளுக்குப் பலம் கூடும். அவள் இறந்துவிட்டால், சேர்த்த சாம்பல் முழுவதும் இறந்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி அங்கே நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும். போகிற வழியில் இன்னொரு முறை இறந்தால் அதுவும் போயிற்று.

இந்த விளையாட்டு என் அறிவை வளர்த்தது என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு உதவியது என்றும் சொல்ல மாட்டேன். பலர் என்னை அப்படிச் சொல்ல வைக்கப் பார்த்தார்கள். அது விளையாட்டு. எனக்குப் பிடித்திருந்தது. விளையாடினேன்.

நான் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவள். அலுவலகக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு பக்கம் இருந்தது. கடைசியாக எழுதிக்கொண்டிருந்த பக்கம் மணிக்கூண்டுப் பிரபுவுடையது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெண்கல மணி. குறிப்பு இப்படி இருந்தது: மூன்று அடி. பிறகு ஓர் இடைவெளி. இடது தோளைச் சாய்த்தால் நீ வலப்பக்கம் உருள வேண்டும். மணி ஒலித்தால் எதுவும் செய்யாதே, விலகி நில். அவரிடம் நாற்பத்தோரு முறை இறந்திருந்தேன்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். மூன்றே மாதத்தில் கருவியின் இடது ஜாய்ஸ்டிக் கெட்டுப்போனது. கை வைக்காமலே மண்வெட்டிக்காரி இடப்பக்கமாக நடந்துகொண்டே இருந்தாள். சென்னையில் இருந்து புது ஜாய்ஸ்டிக் வாங்கி வந்து நானே மாற்றினேன். வாசலில் சாக்கு விரித்து, திருகாணிகளை வரிசையாக வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, நைனா, அதாவது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பழையதைக் கழற்றிப் போட்டதும், அதன் தலையில் இருந்த கறுப்பு ரப்பர்க் குமிழைப் பிடுங்கி விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எலந்த கொட்ட மாதிரி கீது?"

"அத்த வெச்சித்தான் நைனா அவள நடக்க வைக்கறது."

"தேஞ்சி கீதே."

"என் கட்டை விரல் தேச்சது."

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலை ஊசி வைக்கும் தகர டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த டப்பாவில் எதற்கு என்று தெரியாத பல பொருள்கள் உண்டு.

என் கருவியைப் பறித்துக்கொண்ட ஊர்க்கட்டுப்பாடு என்னால் வந்ததல்ல. ஒருவர் போனில் சீட்டாடித் தன் படகு எஞ்சினையே இழந்தார். அதற்குப் பிறகு, கையில் வைத்து ஆடும் எந்த ஆட்டமும் ஊருக்குள் கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. முடிவுக்கு நல்ல காரணம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. படகுத்துறைக் கொட்டகையில் காலை முதல் கேரம் பலகை தட்டும் ஆண்களுக்கு அது பொருந்தாது என்பதையும் கவனித்து வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் என் முன்னால் வந்து நின்றபோது, மணிக்கூண்டுப் பிரபுவின் மிச்ச உயிரைக் காட்டும் கோட்டில் பாதிக்கு மேல் குறைத்திருந்தேன். தலைவர் நைனாவின் பெரியப்பா மகன். எனக்குப் பெரிநைனா.

"இன்னா பண்ணிகினு கீற?"

"விளையாடறேன் பெரிநைனா."

"இங்க ஆம்பளைங்க உட்கார்ற எடம்."

"நிழல் இங்கதான் கீது."

பின்னால் நின்ற பூசாரி சிரித்துவிட்டு உடனே இருமினார். பெரிநைனா கையை நீட்டினார். ஊர்க்கட்டுப்பாடு என்றார். கருவியைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் திரையைப் பார்த்தேன். மண்வெட்டிக்காரி விழுந்து கிடந்தாள். நாற்பத்திரண்டு.

அன்று கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. கட்டுப்பாடு எல்லாருக்கும் பொது என்றால் எனக்கும் பொதுதான். வருத்தம் வந்தது மறுநாள். நான் செய்ததற்கு நைனா எழுந்து நின்று தலை குனிய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களே, அதற்கு. எனக்கு இருபத்தாறு வயது. அறுநூறு அழுத்தமானிகளில் என் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டியிருக்கிறது. என் தப்பை, அது தப்பாகவே இருந்தாலும், என்னால் சுமக்க முடியும்.

அம்மா அப்படி நினைக்கவில்லை.

"ஒரு வார்த்த. எயுந்து நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா இன்னா கொறஞ்சிடப் போறாரு?"

"தப்பு பண்ணாதவரு எதுக்கும்மா சொல்லணும்?"

"எல்லாரும் அப்பிடித்தாண்டி சொல்றாங்கோ. உங்க அண்ணன் குடிச்சிட்டு கோயிலாண்ட கலாட்டா பண்ணப்போ சொல்லல? அப்போ நீ எங்க போயிருந்தே?"

"அப்பவும் அண்ணந்தான் கேட்டிருக்கணும்."

"உனுக்கு இன்னாமே, மாசம் பொறந்தா சம்பளம். உங்க நைனாவுக்கு ஏரித்தண்ணிதான். அத்த நெனச்சிப் பேசு."

அம்மா சொன்னது சரி. வீறாப்பு காட்டுவது நான். பாடு போவது அவருக்கு. இதையும் குறிப்பேட்டில் எழுதினேன், மணிக்கூண்டுப் பிரபுவுக்கு அடுத்த பக்கத்தில்.

மூன்றாம் நாள் மாலை கூட்டம். எங்கள் ஊரில் பெண்கள் கூட்டத்துக்குள் போவதில்லை. ஐஸ் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம். பேச வேண்டியது இருந்தால் வீட்டு ஆண் பேசுவார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிற்சாலைச் சீருடையோடு, நேராகக் கோயில் முன்னால் போய் நின்றேன். கையில் ஒரு தாள் இருந்தது. நைனா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

பூசாரிதான் முதலில் அருகில் வந்தார். அவரை மாமா என்று கூப்பிடுவேன். காதோரம் சொன்னார்: "இத பாரு, ஆபீஸ்ல குடுத்த சாமான், வேலை கத்துக்கறதுக்குனு சொல்லிடு. பெரியவரு உட்டுடுவாரு."

"இல்ல மாமா. அது விளையாட்டு."

"சொல்றதுக்கு இன்னா கேடு?"

"பொய்யி மாமா."

தாளில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, இதில் பணம் வைத்து ஆட வழியே இல்லை. இரண்டு, கேரம் பலகைக்கு இல்லாத கட்டுப்பாடு எனக்கு மட்டும் எப்படி. மூன்று, விளையாடியது நான், அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான். மூன்றையும் படித்தேன்.

பெரிநைனா முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "துட்டு இல்லாம எவன் ஆடுவான்? அத்த எட்னு வா. எங்க துட்டு போவுதுனு காட்டு."

பூசாரி சாமான் அறையைத் திறந்து கருவியைக் கொண்டுவந்தார். கோயில் படியில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தேன். முப்பது நாற்பது பேர் என் தலைக்கு மேல் குனிந்தார்கள். பீடி வாசனையும் மீன் வாசனையும் மூச்சு முட்டியது.

"எதிராளி யாரு?"

"யாரும் இல்ல பெரிநைனா. கருவிதான்."

"அப்போ செயிச்சா யாரு குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க."

"தோத்தா?"

"செத்துப் போவேன். மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

"அப்போ எத்துக்குத்தான் ஆடற?" இதை அவர் குற்றமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

பதில் சொல்ல நேரமில்லை. மணிக்கூண்டுப் பிரபு வந்துவிட்டார். கூட்டம் இன்னும் நெருங்கியது. யாரோ ஐயோ என்றார்கள். யாரோ, தலையில மணிய மாட்டிகினு கீறான் பாருடா என்றார்கள். பூசாரி, "அடி, அடி, இப்போ அடி" என்று என் தோளில் தட்டினார். அடித்தேன், விழுந்தேன், எழுந்தேன். மூன்று அடி. இடைவெளி. இடது தோள் சாய்ந்தது.

"வலது பக்கமா உருளு." எப்போது வந்தாரோ, என் முதுகுக்குப் பின்னால் நைனாவின் குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை, உருண்டேன். நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிய அத்தனை வாரமும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு மணி ஒலித்தது. விலகி நிற்காமல் இன்னும் ஓர் அடிக்கு ஆசைப்பட்டேன். செத்தேன். கூட்டத்தில் ஒரே நேரத்தில் ஒரு பெருமூச்சு. அது எனக்காக வந்த பெருமூச்சு என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

பெரிநைனா கருவியை வாங்கிப் பூசாரியிடம் கொடுத்தார். "சரி. சூதாட்டம் இல்ல. ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா பொம்பளப் புள்ள கூட்டத்துல வந்து, அத்தினி ஆம்பளைங்க முன்னாடி நின்னு பேசிச்சே. அதுக்கு யாரு மன்னிப்பு கேக்கறது?"

தப்பு மாறிவிட்டது, தண்டனை மாறவில்லை. அதே மன்னிப்பு, அதே நைனா, அதே பாடு. கருவியும் பழைய இடத்துக்கே போனது. என் தாளில் நான்காவதாக எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

"கேக்க மாட்டாரு," என்றேன்.

"நீ சொல்லாத. அவன் சொல்லட்டும்."

நைனா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கூட்டத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாளே இரண்டு பேர் வந்து ஈயக்குண்டைக் கேட்டார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள். நைனா விளக்கு மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று வந்தவர்களைக் கேட்டார். அவர்கள் குடிக்கவில்லை.

அதன் பிறகு அம்மா எனக்குச் சோறு போட்டாள், என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் என் கட்டை விரல்கள் சும்மா இருக்க முடியாமல் அசைந்துகொண்டிருந்தன. பொன்னேரியில் பஸ் மாறும் இடத்தில் நின்று கணக்கிட்டேன். எனக்குப் போனது: ஒரு கருவி, அதில் தொண்ணூறு மணி நேர ஆட்டம். நைனாவுக்குப் போகப் போவது: அடுத்த குலுக்கல் வரை இறால் ஓடும் தண்ணீர். இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒன்பதாம் நாள், கரையில் அவர் வலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"நைனா, நானே போய் மன்னிப்பு கேட்டுடட்டா?"

"எத்துக்கு?"

"பாடு போயிடுமே."

"நீ தப்பு பண்ணியா?"

"இல்ல."

"அப்போ இன்னாத்த கேப்ப?" வலையில் ஒட்டியிருந்த நண்டுக் காலைப் பிய்த்து எறிந்தார். "பாடு என்னோட தொல்ல. உன்னோட தொல்ல அந்த மணித்தலையன். நீ அவசரப்படற. மணி அடிக்கறப்போ கம்முனு நில்லுனு நீதான எய்தி வெச்ச?"

என் குறிப்பேட்டையும் அவர் பார்த்திருக்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்திருக்க வேண்டும்.

குலுக்கல் நாள் காலை. பானை கோயில் வாசலில், வாய்க்கு மஞ்சள் துணி கட்டி வைத்திருந்தது. ஆண்கள் வரிசையாகப் போய், துணிக்குள் கையை விட்டு, பொருளைப் போட்டு, அம்மனைக் கும்பிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வரிசையில் நைனாவும் நின்றார். அவரை யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் சரி. அவருடைய குண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அம்மன் காலடியில் இருந்தது. குண்டு அங்கே இருந்தால் ஆள் இங்கே இல்லை. எங்கள் ஊர்க் கணக்கு அது. அவர் கும்பிட வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். ஐஸ் கொட்டகைச் சுவரோரம் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்றும் நினைத்தேன்.

அவரும் துணிக்குள் கையை விட்டார். குங்குமம் வாங்கினார். நகர்ந்தார்.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தார். முதலில் சாவி. பிறகு பித்தளைப் பொத்தான். ஒவ்வொன்று வரும்போதும் அந்த வீட்டுக்காரர் ஒரு சத்தம் கொடுத்தார். முதலில் வருகிறவர்களுக்கு அமாவாசையை ஒட்டிய நல்ல நாள்கள் கிடைக்கும். ஏழாவதாகக் கையை எடுத்த பூசாரி, கண்ணைத் திறந்து, விரலிடுக்கில் இருந்ததை அழுத்திப் பார்த்தார்.

"மெத்துனு கீதே. இன்னாடா இது?"

கறுப்பு ரப்பர்க் குமிழ். எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதன் ஒரு பக்கம் நான் தேய்த்த தேய்மானம்.

"யாருது?" என்றார் பெரிநைனா.

"எங்க வூட்டுது," என்றார் நைனா.

"உன் குண்டு அம்மன் காலாண்ட கீது."

"அது எங்க நைனா குடுத்தது. அங்கியே இருக்கட்டும். இது என் பொண்ணுது."

பெரிநைனா பானையைக் காட்டினார். "இது செல்லாது. எல்லாத்தையும் திருப்பிப் போட்டு மறுபடி எடு."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஏற்கெனவே ஆறு பேருக்கு நல்ல நாள்கள் வந்துவிட்டன. சாவி வீட்டுக்காரர்தான் முதலில் கத்தினார்: "இன்னா தலைவரே, டபாய்க்கிறியா? மூணு வருசம் கயிச்சி எனுக்கு மொதல்ல வந்துகீது. திருப்பிப் போடுனா?" பொத்தான் வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். மற்ற நான்கு பேரும் எழுந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் மீதோ நைனா மீதோ அக்கறை கிடையாது. அவரவர் நாள் அவரவருக்கு.

பூசாரி குமிழை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "பானைக்குள்ள போனது அம்மனோடது. வெளிய வந்தத திருப்பிப் போட எனுக்கு அதிகாரம் இல்ல. உனுக்கு கீதா?"

பெரிநைனா அவரையே பார்த்தார். பிறகு, "அடுத்தத எடு," என்றார்.

ஏழாவது பாடு எங்கள் வீட்டுக்கு.

வீட்டுக்கு வந்ததும் நைனா டப்பாவைத் திறந்து, ஊசியை எடுத்துக்கொண்டு, வலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே நைனா," என்றேன்.

"சொன்னா நீ லிஸ்ட்டு போடுவ," என்றார்.

நான்கு நாள் கழித்து, பஸ் நிறுத்தத்தில் பூசாரி என்னைப் பிடித்தார்.

"பெரியவரு கண்டும் காணாம கீறாரு. நாளிக்கு சாயந்திரம் பின் பக்கமா வா. பூட்டு தொறந்து வெக்கறேன். எட்னு போயிடு."

"மாமா, எங்க வாங்கினீங்க?"

"இன்னாத்த?"

"அத்த. என் கையிலேர்ந்து எங்க வாங்கினீங்க?"

"படகாண்ட."

"எத்தினி மணிக்கு?"

அவர் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு, அதே எடத்துல வந்து குடுக்கச் சொல்லுங்க. வாங்கிக்கறேன்."

"உனுக்கு ரொம்பக் கொயுப்பு."

"ஆமா மாமா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் பையிலிருந்து சார்ஜரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உப்புக்காற்றில் பேட்டரியை வெறுமையாக விட்டு வைத்தால் வீங்கிவிடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிந்தால் நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அதையும் கொடுத்தேன். அவர் திட்டிக்கொண்டே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். போன வாரம் போன் செய்து, சிவப்பு விளக்கே இன்னும் எரிகிறது, நிறுத்தட்டுமா என்று கேட்டார். பச்சை வரும் வரை இருக்கட்டும் என்றேன்.

இப்போது என் கையில் இருப்பது சம்பளத்தில் வாங்கிய வேறொரு கருவி, அதே விளையாட்டு. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மண்வெட்டிக்காரி மறுபடி மெலிந்தவளாக, ஒரு சிட்டிகைச் சாம்பல்கூட இல்லாமல், நகரத்தின் வாசலில் நின்றாள். முதல் தடவை பாதிரியாரை வீழ்த்த ஒரு வாரம் ஆனது. இந்தத் தடவை ஒரே நாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்துதான் விளையாடுகிறேன். கேரம் ஆடுகிறவர்கள் முதல் வாரம் முறைத்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் எழுந்து வந்து, "மணித்தலையன் வந்துட்டானா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். வந்தா கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைய நிலை இது. கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. பழைய கருவி கோயில் சாமான் அறையில், முழு சார்ஜோடு இருக்கிறது. ஈயக்குண்டு அம்மன் காலடியிலும் ரப்பர்க் குமிழ் எங்கள் வீட்டு விளக்கு மாடத்திலும் இருக்கின்றன. அம்மா என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வருகிற வியாழக்கிழமை முகத்துவாரத்தில் நைனாவின் பாடு.